நாரைகள் அணியின் இரண்டாவது கோல்கீப்பர்

மே 2, செவ்வாய்

தம்பி கல்யாணத்துக்கு நகை வாங்கியபோது கடலூர்க் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் ராகுகாலம் அச்சடித்திருக்கிறது. ஒஹாயோவில் ராகு எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் போடவில்லை. நாலு மாதமாக வெள்ளையாகவே கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத விஷயம் கிடைத்தது.

மகள் மகிழினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போனபோது வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இந்தக் கோடையில் எங்கள் ஊரில் பெண்கள் கால்பந்து அணி ஒன்று தொடங்குகிறார்களாம். அணியின் பெயர் நாரைகள். மூன்று மாதம், பத்து ஆட்டம். வயது வரம்பு கிடையாது, சம்பளமும் கிடையாது. எனக்கும் இந்த அமெரிக்காவில் சம்பளம் வாங்க உரிமை கிடையாது. அவருடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நான். ஜாதகம் பார்த்தது போலப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

போவேன் என்று சொல்லவில்லை. டாக்டர் எடை குறைக்கச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நோட்டீஸைப் படித்தேன்.

மே 6, சனி

போனேன்.

பழைய கையுறையைப் பெட்டிக்கு அடியில், குளிர்கால உடுப்புகளுக்கும் கீழே ஒளித்து வைத்திருந்தேன். போட்டவுடன் உள்ளங்கை ரப்பர் அப்பளமாக நொறுங்கியது. பத்து வருஷம் ஆயிற்றே. கடலூர் மாவட்டத்துக்கு ஆறு வருஷம், மாநிலத்துக்கு இரண்டு வருஷம் கோல் காத்த கை இது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா அந்தப் பேச்சையே எடுக்காமல், "பொண்ணு ரசம் நல்லா வெக்கும்" என்று முடித்துவிட்டார். அது பொய்யில்லை. பாதி உண்மை.

மைதானம் ஊர்க்கோடியில், ரயில் பாதையை ஒட்டி. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள். முப்பத்திரண்டு வயதில் நான்தான் மூத்தவள் என்று நினைத்தேன். நல்லவேளை, ரோண்டா இருந்தாள். முப்பத்து நாலு வயது, டயர் கடையில் வேலை, பனைமர உயரம். தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவள் அவள்தான், கேப்டனும் அவள்தான். கோச் பெயர் லின். பகலில் வீடு வீடாகத் தபால் போடுகிறவர். காலிலும் வாயிலும் ஒரே வேகம்.

பதினைந்து பந்து அடித்தார்கள். பதினொன்றைப் பிடித்தேன். கல்லூரிப் பெண் பிரென்னா முதல் கோல்கீப்பர், நான் இரண்டாவது. எண் இருபத்திரண்டு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காருக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். எடை குறையப் போகிறது என்ற சந்தோஷம்.

மே 9, செவ்வாய்

அவரிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கால்பந்தா? நீயா? எப்பலேர்ந்து?"

"பள்ளிக்கூடத்துலேர்ந்து."

"பத்து வருஷமா ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. உடனே தரையைப் பார்த்துக் கையை அமர்த்தினார். "மெதுவா அஞ்சு, மெதுவா."

கீழ் வீட்டு ஹாப்கின்ஸ் கிழவருக்கு நாங்கள் நடந்தாலே கேட்கும். துடைப்பக் கட்டையால் மேலே இடிப்பார். மகி தவழ்ந்த காலத்தில் அபார்ட்மெண்ட் ஆபீசுக்குப் புகார் எழுதினார். அன்றையிலிருந்து என் கணவர் கலியமூர்த்திக்கு 'மெதுவா' என்பது மந்திரமாகிவிட்டது. மிக்சி போட்டால் மெதுவா, தும்மினால் மெதுவா. மனுஷர் கெட்டவர் இல்லை, பயந்தவர். வேறு தேசம், வேறு சட்டம், யார் வாயிலும் விழக்கூடாது என்பார். ஆறு வருஷத்தில் எனக்கே பழகிவிட்டது. ஊரில் தெருமுனையிலிருந்து கூப்பிட்டால் கடற்கரை வரைக்கும் கேட்கும் என்று என்னைச் சொல்வார்கள்.

கடைசியில், "அடிபடாம வெளையாடு" என்றார். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மே 20, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதினால்தான் ஆறும்.

பயிற்சி ஆட்டம். கடைசி இருபது நிமிஷம் என்னை இறக்கினார் லின். உயரமாக ஒரு பந்து வந்தது. அது எனக்கும் ரோண்டாவுக்கும் நடுவில் இறங்குகிறது. கோல்கீப்பர் அந்த இடத்தில் 'என் பந்து' என்று கத்தியாக வேண்டும், மற்றவர்கள் விலகுவார்கள். உலகம் முழுக்க அதுதான் முறை. நான் என்ன செய்தேன்? மனசுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்தேன். அமைத்துவிட்டு, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள் மாதிரி, "எக்ஸ்கியூஸ் மீ" என்றேன்.

அதுவும் மெதுவாக.

இரண்டு பேரும் மோதிக்கொண்டோம். ரோண்டாவுக்கு உதடு கிழிந்தது. பந்து தானாக உருண்டு கோலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"எக்ஸ்கியூஸ் மீ-யா?" என்றாள் ரோண்டா, உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு. கோபிக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். கோபித்திருந்தால் தேவலை.

ஆட்டம் முடிந்து லின் தனியாக அழைத்துப் பேசினார். "உன் கை அருமையான கை. ஆனா குரல் இல்லாத கோல்கீப்பரை நான் இறக்க முடியாது. முன்னால நிக்கிற நாலு பேருக்கும் முதுகுல கண் கிடையாது. நீதான் அவங்க கண். குரல் வரட்டும், அப்புறம் பாப்போம்."

மே 21, ஞாயிறு

இட்லி மாவு புளிக்கவில்லை. எடையும் குறையவில்லை.

மே 30, செவ்வாய்

உண்மையை எழுதிவிடுகிறேன், இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள். எடையாவது ஒன்றாவது. ஒரே ஒரு ஆட்டம், தொண்ணூறு நிமிஷம் முழுசாக, அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நான் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

கத்திப் பழக இடம்தான் இல்லை. வீட்டில் ஹாப்கின்ஸ். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கத்திப் பார்த்தேன். பக்கத்துக் காரில் இருந்த அம்மா இறங்கி வந்து, உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். தேங்க்யூ சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 8, வியாழன்

இடம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மைதானத்தை ஒட்டி ஒரு சரக்கு ரயில் போகிறது. நூறு பெட்டிக்கு மேல் இருக்கும். அது கடக்கிற நாலு நிமிஷமும் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது என்பதால் லின் எல்லோரையும் தண்ணீர் குடிக்க அனுப்புவார். நான் வேலி ஓரமாகப் போய், ரயிலைப் பார்த்து நின்று, தொண்டை கிழியக் கத்துகிறேன். எனக்கே கேட்காது. அதனால் வெட்கமும் இல்லை.

இரண்டு ஆட்டம் முடிந்தது. இரண்டிலும் தோல்வி. நான் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

இன்று வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அவர் திடீரென்று, "கையக் காட்டு" என்றார். ரேகை பார்க்கப் போகிறாராம். தன் கையோடு வைத்து விரல் விரலாக அளந்தார். என்ன பலன் என்று கேட்டால் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். ஜோசியம் தெரியாதவர் எதற்கு ஆரம்பிக்க வேண்டும்?

ஜூன் 15, வியாழன்

என் பையில் புதுக் கையுறை. பச்சை நிறம், உள்ளங்கை வெண்ணெய் மாதிரி. கிளப்பில் கொடுத்திருப்பார்கள். பிரென்னாவுக்குத் தரவில்லையாம். இரண்டாவது ஆள் என்று பாவப்பட்டு எனக்கு மட்டும் வைத்திருப்பார்கள். அளவு அச்சாகப் பொருந்துகிறது. லின்னுக்குக் கண்ணளவு பிரமாதம்.

ஜூன் 22, வியாழன்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

ஆறே முக்கால். ரயில் வந்தது. வேலி ஓரம் போய் ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் கத்தினால் வாக்கியம் சரியா என்று மூளை திரும்பிப் பார்க்கிறது. அதனால் சில நாளாகவே, ஊர் மைதானத்தில் கத்திய பழைய சொற்களைத்தான் கத்துகிறேன். முன்னேறச் சொல்ல 'ஏறு'. பின்வாங்க 'எறங்கு'. பந்தைத் தொடாதே என்றால் 'வுடு'. நான் பிடிக்கிறேன் என்றால் 'எனக்கு'. மொத்தமே நாலுதான்.

இன்றைக்கு ரயிலில் பெட்டி குறைவு. யாரோ எங்கேயோ பாதியைக் கழற்றிவிட்டார்கள் போல. கண்ணை மூடிக்கொண்டு முழு மூச்சில் "எனக்கூ!" என்று நான் ஆரம்பித்தபோது ரயில் இருந்தது. முடித்தபோது இல்லை. என் குரல் மட்டும் மைதானத்தின் மேல் நின்றது. திரும்பிப் பார்த்தால் பதினெட்டு பேரும் தண்ணீர்ப் பாட்டிலை வாயில் வைத்தபடி என்னையே பார்க்கிறார்கள்.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

லின் மெதுவாக நடந்து வந்தார். "அது என்ன?"

"சாரி. என் மொழி. இனிமே…"

"சாரியைத் தூக்கிப் போடு. அந்தக் குரல்தான் எனக்கு வேணும். அதுக்கு என்ன அர்த்தம்?"

சொன்னேன். உடனே ரோண்டாவைக் கூப்பிட்டு, மற்ற தற்காப்புக்காரிகளையும் வரிசையாக நிற்க வைத்து, "இவ ஆங்கிலத்துல கத்த மாட்டா. நாலு வார்த்தை தானே, நாம கத்துக்குவோம்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் பாடம். ரோண்டாவுக்கு 'எறங்கு' வாயில் நுழையவில்லை, 'இரேங்கூ' என்கிறாள். பரவாயில்லை, இறங்குகிறாள் அல்லவா.

ஜூன் 24, சனி

பத்து வருஷத்தில் 'எனக்கு' என்று எதையாவது கேட்டிருக்கிறேனா என்று பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன். மகிக்கு, அவருக்கு, விருந்தாளிக்கு, சாமிக்கு. ஒரு தடவை கடையில் 'எனக்கு ஒரு காபி, சர்க்கரை வேண்டாம்' என்று சொன்ன ஞாபகம். சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஜூலை 1, சனி

முதல் வெற்றி. ஒன்றுக்குப் பூஜ்யம். பிரென்னா நன்றாகப் பிடித்தாள். வேடிக்கை என்னவென்றால் அவளும் 'ஏறு, ஏறு' என்றுதான் கத்துகிறாள். பின்வரிசைக்கு இப்போது அதுதான் காதில் ஏறுகிறதாம். பெஞ்சில் உட்கார்ந்து என் சொல்லை இன்னொருத்தி வாயில் கேட்டேன். சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

ஜூலை 5, புதன்

கையுறையைக் கழுவி பால்கனியில் காயப்போட்டேன். அவர் உள்ளிருந்து, "வெயில்ல போடாத அஞ்சு, ரப்பர் போயிடும், அட்டையில எழுதியிருக்கு" என்றார்.

"எந்த அட்டையில?"

பால் பொங்குகிறதா பார்க்கிறேன் என்று அடுப்படிக்குப் போனார். அடுப்பில் பாலே இல்லை. கையுறையை நிழலுக்கு மாற்றிப் போட்டேன்.

ஜூலை 13, வியாழன்

பயிற்சியைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் புல்லில் உட்காரச் சொன்னார் லின். இந்தப் போட்டித் தொடரே இந்த வருஷத்தோடு கலைகிறதாம். சில ஊர்கள் விலகிவிட்டன. அடுத்த கோடையில் நாரைகள் இருக்காது. 29ஆம் தேதி லேக்வில் அணியோடு ஆடுவதுதான் கடைசி ஆட்டம். அவர்கள்தான் பட்டியலில் முதலிடம்.

ரயில் கடந்து போனது. இன்றைக்கு நான் கத்தவில்லை.

பிறகு ரோண்டா, "பிறந்தே மூணு மாசம், அதுக்குள்ள சாவா" என்று சொல்லிப் புல்லைப் பிடுங்கி எறிந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இன்னும் மூன்றே ஆட்டம். நான் இன்னும் போட்டியில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அணி செத்துக்கொண்டிருக்கும்போது இப்படி நினைப்பது சுயநலம். நினைத்தேன், எழுதுகிறேன்.

ஜூலை 20, வியாழன்

பிரென்னாவின் கல்லூரியில் ஆட்டப் பயிற்சி தொடங்குகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாள். கோடை அணிகளில் இது வழக்கமாம், கடைசி வாரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பறந்துவிடுவார்கள். நாலு பேர் போகிறார்கள்.

லின் என் பக்கம் திரும்பி, "29ஆம் தேதி நீ" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் தலையாட்டினேன். கார் வரைக்கும் நிதானமாக நடந்து வந்து, உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டே ஒரு கத்து கத்தினேன்.

ஜூலை 28, வெள்ளி

சேமியா உப்புமா. யாரும் சாப்பிடவில்லை, நான் உப்பை மறந்துவிட்டேன். மகி, "அம்மா நாளைக்கு எல்லா பந்தையும் புடிச்சிடு" என்றாள். எல்லாப் பந்தையும் யாராலும் பிடிக்க முடியாது கண்ணு என்றேன். "அப்ப நெறைய புடி" என்று இறங்கி வந்தாள்.

ஜூலை 29, சனி

இதை அவசரப்படாமல் எழுதுகிறேன். தொண்டை போய்விட்டது, இன்றைக்குப் பேச முடியாது, எழுதத்தான் முடியும்.

நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள், எங்களுக்கு அது திருவிழாக் கூட்டம். அவர் மடக்கு நாற்காலியைப் போட்டு மகியோடு என் கோலுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

லேக்வில்காரிகள் அலை அலையாக வந்தார்கள். "ஏறு! ஏறு! எறங்கு! ரோண்டா, வுடு!" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இல்லை, பழையதாக இருந்தது. முதல் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். இருபதாவது நிமிஷம் ஒரு பந்து மூலையில் நுழைந்துவிட்டது. அதை மாநில அணிக் காலத்தில்கூடப் பிடித்திருக்க மாட்டேன், அதனால் வருத்தமில்லை.

இடைவேளையில் அவர் ஃபிளாஸ்க்கோடு வந்தார். உப்புப் போட்ட வெந்நீர், கொப்பளிக்க. என் குரல் அப்போதே கரகரத்திருந்தது.

"மெதுவான்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்ல. எடது பக்கம் நிக்குதே அந்தப் பொண்ணு, அதுக்கு நீ சொல்றது கேக்கல. இன்னும் சத்தமா கத்து."

பத்து வருஷமாக இந்த மனுஷரோடு குடித்தனம் செய்கிறேன். இப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கொப்பளிக்கத் தந்த நீரை விழுங்கிவிட்டேன்.

அறுபதாவது நிமிஷம் நாங்களும் ஒரு கோல் போட்டோம். ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு லேக்வில் எங்களைச் சுற்றி வளைத்துக்கொண்டது. கத்தினேன், கத்தினேன். எண்பதாவது நிமிஷத்தில் குரல் அறுந்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ரோண்டா திரும்பிப் பார்த்தாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. முன்னால் திரும்பி, அந்தப் பனைமர உயரத்திலிருந்து ஆரம்பித்தாள். "ஏரூ! ஏரூ! இரேங்கூ!" பக்கத்தில் நின்றவள் அதை வாங்கி அடுத்தவளுக்குக் கத்தினாள். ஒஹாயோ மைதானத்தில், டயர் கடைக்காரியும் கல்லூரிப் பெண்களும் கடலூர்ப் பேச்சைக் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் ஊமையாக நிற்கிறேன்.

கடைசி நிமிஷம். மூலையிலிருந்து உயரமாக ஒரு பந்து. எனக்கும் ரோண்டாவுக்கும் நடுவில், அச்சு அசலாக மே மாதத்துப் பந்து. நான் கிளம்பிவிட்டேன், வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ரோண்டா தலைக்கு மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் ஒதுக்கிக்கொண்டு, "எனக்கு! எனக்கு! எனக்கு!" என்று எனக்காகக் கத்தினாள். எல்லோரும் விலகினார்கள். வழி திறந்தது. இரண்டு கையும் நீட்டிப் பந்தைப் பிடித்து, அதன்மேல் படுத்துக்கொண்டேன். விசில் ஊதும்வரை எழுந்திருக்கவில்லை. ஊதிய பிறகும்கூட.

ஒன்றுக்கு ஒன்று. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். நாரைகள் கணக்கு அத்தோடு முடிந்தது. எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன், சத்தமில்லாமல்தான் முடிந்தது. என் வாழ்க்கையில் இத்தனை சந்தோஷமாக நான் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று அதில் சேர்ந்தது.

ஆகஸ்ட் 2, புதன்

குரல் திரும்பியது. முதல் வார்த்தையாக அவரிடம், "கையுறை நல்லா இருக்கு" என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ம்" என்றார். காது மட்டும் சிவந்துவிட்டது.

அக்டோபர் 9, திங்கள்

நாரைகளின் இணையப் பக்கத்தைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. மைதானத்தில் எங்கள் பலகையைக் கழற்றிவிட்டார்கள். சாம்பாருக்குத் துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

இருபத்திரண்டாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு துடைத்தேன். மகியைச் சாப்பிட இரண்டு தடவை கூப்பிட்டேன், இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக. ஹாப்கின்ஸ் இடித்தார். என் கணவர் எழுந்து, "மெது" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டு, மகியைப் பார்த்து, "அம்மா கூப்புடுறது கேக்கலையா?" என்றார்.

நவம்பர் 14, செவ்வாய்

முதல் பனி. அணியின் வாட்ஸப் குழுவை இன்னும் யாரும் கலைக்கவில்லை. மூன்று மாதமாகப் பிறந்தநாள் வாழ்த்தும் நாய்க்குட்டிப் படமும்தான். இன்று மதியம் லின் ஒரு செய்தி போட்டார். தேவாலயத்துக் கூடத்தை வியாழக்கிழமை சாயங்காலங்களில் தருகிறார்களாம். ஏழு பேர் ஆட்டம், குளிர்காலம் முழுக்க. அணிக்குப் பெயர் கிடையாது, சட்டை கிடையாது, பார்க்க ஆள் கிடையாது. ஆறு பேர் சேர்ந்தாயிற்று. "கோல் யாருக்கு?" என்று கேட்டிருந்தார்.

அவரிடம் கேட்டுச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை. வியாழக்கிழமை ரசம் இனி அவர் வைக்கட்டும், பொடி டப்பா எங்கே இருக்கிறது என்று சாயங்காலமே காட்டிவிட்டேன்.

குழுவில் ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன். தமிழ் எழுத்திலேயே: எனக்கு.

இரண்டு நிமிஷத்தில் ரோண்டாவிடமிருந்து வந்தது: "எனக்கு இதைப் படிக்கத் தெரியாது அஞ்சு. ஆனா சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது."